பி.காம் முடிச்சாச்சு, அடுத்து எந்தப் பரீட்சை? நிதித் துறையில் லைசென்ஸ் எது, வெறும் காகிதம் எது?

விளாத்திகுளம் பக்கத்துக் கரிசலில் மிளகாய் வத்தல் காசாவது மாசி, பங்குனி வாக்கில்தான். அந்தக் காசுக்கு முன்கூட்டியே வரிசை நிற்கும். உரக்கடை பாக்கி, கூட்டுறவுச் சங்கத்தில் அடகில் இருக்கும் நகை, வீட்டில் நிச்சயம் ஆகியிருக்கும் கல்யாணம். அந்த வரிசையில் இப்போது புதிதாக ஒன்று வந்து நிற்கிறது: பி.காம் முடித்த பிள்ளையின் 'கோர்ஸ்' கட்டணம்.

கைப்பேசியைத் திறந்தால் விளம்பரம் மேல் விளம்பரம். 'ஆறே மாதத்தில் இன்வெஸ்ட்மென்ட் பேங்கர் ஆகலாம்', 'நூறு சதவீத வேலை உத்தரவாதம்', 'சர்வதேசச் சான்றிதழ்'. கேட்கும் தொகை சில ஆயிரங்களில் ஆரம்பித்து லட்சத்தைத் தாண்டும்.

"இதுல எதை எழுதினா வேலை கிடைக்கும்?" என்று பிள்ளை கேட்கிறது. "ஒரு பரீட்சைக்கு இம்புட்டு துட்டா?" என்று அப்பா கேட்கிறார். இரண்டு கேள்விக்கும் ஒரே இடத்தில் பதில் இருக்கிறது. அந்தக் காகிதத்தைக் கேட்பது யார் என்று பார்த்தால் போதும். சட்டம் கேட்கிறதா, வேலை கொடுப்பவர் கேட்கிறாரா, அல்லது கோர்ஸ் விற்பவர் மட்டும்தான் அதைப் பற்றிப் பேசுகிறாரா?

சட்டம் கேட்டால் அது லைசென்ஸ். அது இல்லாமல் அந்த வேலையைத் தொடவே முடியாது, டிரைவிங் லைசென்ஸ் இல்லாமல் பஸ் ஓட்ட முடியாத மாதிரி. வேலை கொடுப்பவர் மதித்தால் அது தொழில்முறைச் சான்றிதழ். கட்டாயமில்லை, ஆனால் இருந்தால் மதிப்பு. இரண்டுமே இல்லாத மூன்றாவது வகைதான் சந்தையில் அதிகம் விற்கிறது. விலையிலும் பெரும்பாலும் அதுதான் முன்னால் நிற்கிறது என்பதுதான் வேடிக்கை. நிதித் துறையில் சட்டம் கேட்கும் நுழைவுத் தேர்வுகள் பலவற்றுக்கு ஒரு மூட்டை வத்தல் விற்ற காசே தாராளமாகப் போதும்.

செபி கேட்கும் பரீட்சைகள்

பங்குச் சந்தை, மியூச்சுவல் ஃபண்ட் பக்கம் போக நினைப்பவர் முதலில் தெரிந்துகொள்ள வேண்டிய பெயர் என்ஐஎஸ்எம். பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபி 2006-ல் உருவாக்கிய கல்வி நிறுவனம் இது. சந்தையில் ஒவ்வொரு வேலைக்கும் 'சீரிஸ்' என்ற பெயரில் ஒரு தேர்வு வைத்திருக்கிறது.

மியூச்சுவல் ஃபண்ட் விற்க வேண்டுமா? சீரிஸ் 5-ஏ. பங்கு புரோக்கர் அலுவலகத்தில் ஆப்ஷன், ஃப்யூச்சர் ஆர்டர் போட வேண்டுமா? சீரிஸ் 8. அதே அலுவலகத்தில் பின்னால் உட்கார்ந்து கணக்கு, செட்டில்மென்ட் பார்க்க வேண்டுமா? சீரிஸ் 7. பங்கு ஆய்வாளருக்கு சீரிஸ் 15. முதலீட்டு ஆலோசகருக்கு சீரிஸ் 10-ஏ, 10-பி என்று இரண்டு.

இவற்றில் எளிமையானது 5-ஏ. 100 கேள்வி, இரண்டு மணி நேரம், 50 மதிப்பெண் எடுத்தால் பாஸ். தப்பான விடைக்கு மதிப்பெண் குறைக்க மாட்டார்கள். கட்டணம் 1,500 ரூபாயும் அதன் மேல் ஜிஎஸ்டியும் (கட்டணம் மாறக்கூடியது, பதிவுசெய்யும் நாளில் என்ஐஎஸ்எம் இணையதளத்தில் பார்த்துக்கொள்ள வேண்டும்). படிக்க வேண்டிய பாடநூலையும் அவர்களே தருகிறார்கள். கேள்விகள் அந்தப் புத்தகத்தை ஒட்டியே வரும். பி.காம் படித்த ஒருவர் ஒரு மாதம் ஒழுங்காக உட்கார்ந்தால் கோச்சிங் இல்லாமலேயே எழுதிவிடலாம்.

சீரிஸ் 8 அப்படி இல்லை. 60 மதிப்பெண் வேண்டும், தப்பான விடைக்குக் கால் மதிப்பெண் போகும். தெரியாத கேள்விக்குக் குத்துமதிப்பாக விடை போட்டுப் பழகியவர்கள் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள்.

இந்தச் சான்றிதழ்கள் காலத்துக்கும் செல்லாது, மூன்று ஆண்டுதான். பிறகு மறுபடி தேர்வெழுதியோ தொடர் பயிற்சி வகுப்பில் உட்கார்ந்தோ புதுப்பிக்க வேண்டும். அதனால் 'எதுக்கும் இருக்கட்டும்' என்று நாலைந்து சீரிஸை ஒரே மூச்சில் எழுதி வைப்பதில் பலன் இல்லை. வேலை கிடைக்கும்போது பாதி காலாவதி ஆகியிருக்கும்.

யூடியூபில் அமெரிக்க வீடியோ பார்ப்பவர்களுக்கு ஒரு குழப்பம் வரும். அங்கேயும் 'சீரிஸ் 7' என்று ஒரு பிரபலமான தேர்வு உண்டு. அது அமெரிக்காவின் ஃபின்ரா அமைப்பு நடத்தும் புரோக்கர் பிரதிநிதித் தேர்வு. ஏதாவது ஓர் உறுப்பினர் நிறுவனம் வேலைக்கு எடுத்து, பெயரைப் பரிந்துரைத்தால்தான் அதை எழுதவே முடியும். நம்மூர் சீரிஸ் 7-க்கும் அதற்கும் எண் ஒற்றுமையைத் தவிர சம்பந்தமே கிடையாது. அமெரிக்கத் தேர்வுக்கு என்று இங்கே யாராவது பாடப் புத்தகம் விற்றால், வாங்குவதற்கு முன் இதை நினைவில் வைக்கலாம்.

ஏஆர்என் வாங்கினால் மாதம் எவ்வளவு வரும்?

5-ஏ பாஸான பிறகு மியூச்சுவல் ஃபண்ட் நிறுவனங்களின் சங்கமான ஆம்ஃபியில் பதிந்து ஏஆர்என் எண் வாங்க வேண்டும். அந்த எண் வந்த பிறகுதான் ஃபண்ட் விற்கவும் கமிஷன் பெறவும் முடியும். பட்டப்படிப்புகூடத் தேவையில்லை என்பதால் பலர் இந்தப் பக்கம் வருகிறார்கள். 'வீட்டிலிருந்தே மாதம் ஒரு லட்சம்' என்ற விளம்பரமும் இதைக் காட்டித்தான் வருகிறது. கணக்கைப் போட்டுப் பார்த்துவிடலாம்.

விநியோகஸ்தருக்குக் கிடைப்பது 'டிரெயில்' கமிஷன். வாடிக்கையாளரின் பணம் ஃபண்டில் இருக்கும் வரை, அந்தத் தொகையில் ஆண்டுக்கு இவ்வளவு சதவீதம் என்று சிறுகச் சிறுக வரும். ஃபண்டுக்கு ஃபண்ட் இது மாறும். உதாரணத்துக்கு 0.7 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். விளாத்திகுளத்திலும் சுற்றுக் கிராமங்களிலும் நூறு குடும்பங்களைப் பிடித்து, ஆளுக்கு மாதம் 2,000 ரூபாய் எஸ்ஐபி போட வைத்தால் மாதம் 2 லட்சம் சேரும். 25 மாதத்தில் 50 லட்சம். சந்தையின் ஏற்ற இறக்கத்தை விட்டுவிட்டால், அந்த 50 லட்சத்துக்கு 0.7 சதவீதம் என்பது வருடத்துக்கு 35,000 ரூபாய். மாதம் மூவாயிரம்கூட இல்லை. அதுவும் இரண்டு வருடம் நூறு வீட்டு வாசலை மிதித்த பிறகு.

இதற்காக ஏஆர்என் வேண்டாம் என்று அர்த்தமில்லை. பத்து, பதினைந்து வருடம் நின்று நிலைத்தவர்களுக்கு அது நல்ல வருமானம் தரும் தொழில். ஆனால் முதல் இரண்டு மூன்று வருடச் சோற்றுக்கு அதை நம்ப முடியாது. கூடவே ஒரு சம்பளமோ, கடையோ, வரிக்கணக்கு வேலையோ இருக்க வேண்டும். முதலீட்டாளர்கள் இடைத்தரகர் இல்லாமலே 'டைரக்ட் பிளான்' வாங்கும் வசதி 2013 ஜனவரி முதல் இருக்கிறது. அதில் விநியோகஸ்தருக்குக் காலணா வராது. கைப்பேசியிலேயே அதை வாங்கத் தெரிந்தவர்களிடம் இந்த வியாபாரம் எடுபடாது.

எடுபடும் இடம் வேறு. இந்த வட்டாரத்தில் காசு மாதச் சம்பளமாக வருவதில்லை. மானாவாரிக் கரிசலில் வருடத்துக்கு ஓரிரு முறை மொத்தமாக வரும். வேம்பார், கீழ வைப்பார், சிப்பிகுளம் பக்கம் கடலுக்குப் போனால் உண்டு, போகாவிட்டால் இல்லை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுகள் கரையில் நிற்கும். இப்படிப்பட்ட வீட்டில் போய் "மாசம் அஞ்சாம் தேதி கணக்குல காசு இருக்கணும்" என்று எஸ்ஐபி விற்றால் மூன்றாம் மாதமே பவுன்ஸ் ஆகும், வங்கி அபராதமும் பிடிக்கும். வத்தல் விற்ற காசை மொத்தமாக ஒரு பாதுகாப்பான ஃபண்டில் போட்டு வைத்து, தேவைப்படும்போது எடுக்கச் சொல்லிக் கொடுப்பவருக்குத்தான் இங்கே மரியாதை. அந்தப் பாடம் 5-ஏ புத்தகத்தில் ஓரளவுக்குத்தான் இருக்கும்.

இன்னொரு எச்சரிக்கை. ஏஆர்என் வைத்திருப்பவர் விநியோகஸ்தர் மட்டுமே. போர்டில் 'நிதி ஆலோசகர்' என்று எழுதிக்கொள்ளக் கூடாது. ஆலோசகர் என்ற பெயருக்கும், ஆலோசனைக்குக் கட்டணம் வாங்குவதற்கும் 2013-ஆம் ஆண்டு விதிகளின்படி செபியிடம் தனியாகப் பதிவு வேண்டும். அந்தத் தகுதிகள் 2020-ல் கடுமையாக்கப்பட்டு, 2024 டிசம்பரில் தளர்த்தப்பட்டன. ஆலோசகராகப் பதிந்தவர் தன் வாடிக்கையாளருக்கு விற்றுக் கமிஷன் வாங்க முடியாது. இரண்டு தொப்பியையும் ஒரே தலையில் வைக்கக் கூடாது என்பது செபியின் எண்ணம்.

காப்பீடு: பத்தாம் வகுப்பு போதும்

கிராமத்துக்கு மிகப் பழக்கமான நிதி லைசென்ஸ் எல்ஐசி முகவர் லைசென்ஸ்தான். இன்று எந்தக் காப்பீட்டு நிறுவனத்துக்கும் முகவராக, காப்பீட்டு ஒழுங்குமுறை அமைப்பான ஐஆர்டிஏஐ வகுத்தபடி பயிற்சி எடுத்து 'ஐசி-38' தேர்வை எழுத வேண்டும். பத்தாம் வகுப்பு பாஸாகியிருந்தால் போதும். 50 கேள்வி, ஒரு மணி நேரம், 35 சதவீதம் எடுத்தால் தேர்ச்சி. தமிழிலும் எழுதலாம். ஆங்கிலம் உதைக்கும் என்று பயப்படுபவர்களுக்கு இது பெரிய விஷயம்.

ஒருவர் ஓர் ஆயுள் காப்பீட்டு நிறுவனம், ஒரு பொதுக் காப்பீட்டு நிறுவனம், ஒரு மருத்துவக் காப்பீட்டு நிறுவனம் என்று வகைக்கு ஒன்றாக வைத்துக்கொள்ளலாம். ஏஆர்என்னும் இதுவும் சேர்ந்தால்தான் ஊரில் ஒரு சின்ன ஆபீஸ் போட்டு உட்காருவதில் பொருள் இருக்கும். இந்தத் தேர்வுக்குச் செலவு என்பது பெயரளவுக்குத்தான். முகவரைச் சேர்க்கும் நிறுவனமே பெரும்பாலும் வழிகாட்டும். முகவராக்குகிறேன் என்று சொல்லி ஆயிரக்கணக்கில் கேட்பவரிடம் ரசீது கேட்டுப் பார்க்கலாம்.

யாரும் விளம்பரம் செய்யாத ஒரு பயிற்சி

நிதித் துறை என்றதும் மும்பை, பங்குச் சந்தை, கோட் சூட் என்று எண்ணம் ஓடுகிறது. விளாத்திகுளம் மாதிரி ஊரில் உண்மையான நிதித் துறை நகைக்கடன்தான். விதைக்கு, உரத்துக்கு, பிள்ளை காலேஜ் ஃபீஸுக்கு என்று முதலில் அசைவது பீரோவில் இருக்கும் சங்கிலி. அதை வாங்கி வைத்துக் கடன் கொடுக்கும் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்களும் மத்தியக் கூட்டுறவு வங்கிகளும் ஆள் எடுக்கும்போது ஒரு காகிதத்தைக் கண்டிப்பாகக் கேட்கின்றன. அதுதான் கூட்டுறவுப் பயிற்சிச் சான்றிதழ்.

கூட்டுறவுச் சங்கம், வங்கிகளில் உதவியாளர், எழுத்தர் வேலைக்கு மாவட்ட ஆள்சேர்ப்பு நிலையம் அறிவிப்பு விடும். பட்டப்படிப்புடன் கூட்டுறவுப் பயிற்சி முடித்திருக்க வேண்டும் என்பது அதில் தகுதி (கூட்டுறவையே முதன்மைப் பாடமாகப் படித்த சில பட்டங்களுக்கு விலக்கு உண்டு). தமிழ்நாடு கூட்டுறவு ஒன்றியத்தின் கீழ் இயங்கும் கூட்டுறவு மேலாண்மை நிலையங்களில் இந்தப் பட்டயப் பயிற்சி நடக்கிறது. பாடம் தமிழில். கூட்டுறவு மேலாண்மையோடு கணினியும், நகை மதிப்பீட்டு நுட்பமும் சேர்த்துச் சொல்லிக் கொடுக்கிறார்கள். உரைகல்லில் உரசிப் பார்ப்பது, கல் எடை கழிப்பது, முலாம் பூசிய நகையைக் கண்டுபிடிப்பது எல்லாம் அதில் வரும்.

அறிவிப்பு வந்த பிறகு இந்தப் பயிற்சியில் சேர்ந்தால் காலம் கடந்துவிடும். ஒவ்வோர் அறிவிப்பின்போதும் நல்ல மதிப்பெண் வைத்திருக்கும் பட்டதாரிகள் இந்த ஒரு காகிதம் இல்லாமல் விண்ணப்பிக்கவே முடியாமல் நிற்பதைப் பார்க்கலாம். பி.காம் இறுதியாண்டு முடிந்த கையோடு சேர்ந்துவிடுவதே நல்லது.

நகை மதிப்பீடு கூட்டுறவோடு நிற்பதும் இல்லை. தேசிய வங்கிகள், தனியார் வங்கிகள், நகைக்கடன் நிறுவனங்கள் என எல்லோருக்கும் மதிப்பீட்டாளர் வேண்டும். ரிசர்வ் வங்கி 2025 ஜூனில் வெளியிட்ட நகைக்கடன் விதிகளில், நகையை மதிப்பிடும்போது கடன் வாங்குபவர் உடனிருக்க வேண்டும் என்றும், இரண்டரை லட்சம் ரூபாய் வரையிலான கடனுக்கு நகை மதிப்பில் 85 சதவீதம் வரை தரலாம் என்றும் உள்ளது. கடன் விகிதம் கூடக் கூட மதிப்பீட்டில் பிசகினால் நஷ்டமும் கூடும். கைத்திறன் உள்ள ஆளுக்குத் தேவை குறையப் போவதில்லை.

வங்கி வேலை: ஜேஏஐஐபி முதலில் அல்ல

பலரும் தடுமாறும் இடம் இது. 'வங்கித் தேர்வுக்கு முன்னாடி ஜேஏஐஐபி முடிச்சா நல்லதா?' என்ற கேள்வி அடிக்கடி வரும். முடிக்கவே முடியாது என்பதுதான் பதில். இந்திய வங்கியியல் மற்றும் நிதி நிறுவனம் (ஐஐபிஎஃப், 1928-ல் தொடங்கப்பட்டது) நடத்தும் ஜேஏஐஐபி, சிஏஐஐபி இரண்டும் ஏற்கெனவே வங்கியில் வேலை பார்ப்பவர்களுக்கான தேர்வுகள். பொதுத்துறை வங்கி ஊழியர் ஜேஏஐஐபி முடித்தால் ஓர் இன்கிரிமென்ட், சிஏஐஐபி முடித்தால் மேலும் இரண்டு. வேலைக்குச் சேர்ந்த பிறகு இதைவிட லாபமான பரீட்சை வேறில்லை. சேர்வதற்கு முன்னால் எழுத வேண்டியது ஐபிபிஎஸ் தேர்வு. அதில் கிளார்க் தேர்வைத் தமிழிலும் எழுதலாம்.

1921-ல் 'நாடார் வங்கி'யாகத் தொடங்கி 1962-ல் பெயர் மாறிய தமிழ்நாடு மெர்க்கன்டைல் வங்கியின் தலைமையகம் தூத்துக்குடியில்தான் இருக்கிறது. தனியார் வங்கி என்பதால் ஐபிபிஎஸ் பொதுத் தேர்வில் சேராமல் ஆள் எடுப்புக்குத் தனியாக அறிவிப்பு விடும். ஊர்ப் பிள்ளைகள் அதன் இணையதளத்தையும் அவ்வப்போது பார்க்க வேண்டும்.

வங்கிக்கு வெளியே நின்று வங்கி வேலை பார்க்கும் இருவருக்கும் ஐஐபிஎஃப் சான்றிதழ் உண்டு. ஒருவர் 'வங்கி மித்ரா'. சின்ன மெஷினை வைத்துக்கொண்டு கிராமத்தில் நூறுநாள் வேலைக் கூலியும் முதியோர் உதவித்தொகையும் எடுத்துக் கொடுப்பவர். மற்றவர் கடன் வசூல் முகவர். குழு லோன், பைக் லோன் தவணைக்கு வீட்டு வாசலில் வந்து நிற்பவர். வங்கிகள் அமர்த்தும் வசூல் முகவருக்குப் பயிற்சியும் தேர்வும் வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. பட்டதாரிக்கு 50 மணி நேரம், மற்றவர்களுக்கு 100 மணி நேரம் பயிற்சி. காலை 8 மணிக்கு முன்னும் இரவு 7 மணிக்குப் பின்னும் கடனாளியைக் கூப்பிடக் கூடாது என்பதெல்லாம் இந்தப் பாடத்தில் வரும். கடன் வசூலில் மிரட்டலைத் தடுக்கத் தமிழ்நாடு 2025-ல் தனிச் சட்டமே கொண்டுவந்திருக்கிறது. சான்றிதழ் இல்லாமல் வசூலுக்குப் போகும் இளைஞர், தான் செய்வது குற்றம் என்பது தெரியாமலேயே மாட்டக்கூடும்.

சிஏ: கட்டணம் குறைவு, காலம் அதிகம்

பட்டயக் கணக்காளர் என்ற சிஏ, 1949-ஆம் ஆண்டுச் சட்டத்தால் வந்த தகுதி. கம்பெனிக் கணக்கில் தணிக்கைக் கையெழுத்துப் போடும் அதிகாரம் சட்டப்படி இவர்களுக்கு மட்டுமே. லைசென்ஸும் இதுவே, மதிப்பான சான்றிதழும் இதுவே. பிளஸ் டூ முடித்து ஃபவுண்டேஷன் எழுதலாம். அல்லது பி.காமில் 55 சதவீதம் (வேறு பட்டம் என்றால் 60) எடுத்திருந்தால் நேராக இன்டர்மீடியட்டுக்குப் போகலாம். இது தெரியாமல் பி.காம் முடித்த பிறகும் ஃபவுண்டேஷன் கோச்சிங்குக்குப் பணம் கட்டியவர்கள் உண்டு. 2023 ஜூலையில் வந்த புதிய திட்டத்தில் ஆர்டிகிள்ஷிப் பயிற்சி மூன்று ஆண்டிலிருந்து இரண்டாகக் குறைந்தது. அந்தக் காலத்தில் சிறிய ஸ்டைபண்டும் உண்டு.

நிறுவனத்துக்குக் கட்டும் கட்டணம், ஒரு பொறியியல் கல்லூரியின் ஒரு வருடச் செலவோடு ஒப்பிட்டால் பெரிதில்லை. செலவு வைப்பது கோச்சிங்கும், நகரத்தில் தங்குவதும், தோற்றுத் தோற்று எழுதும் வருடங்களும். ஒவ்வொரு தாளிலும் 40, மொத்தத்தில் 50 சதவீதம் எடுக்க வேண்டும். தேர்ச்சி விகிதம் குறைவு. தமிழில் எழுத முடியாது, ஆங்கிலம் அல்லது இந்திதான். தமிழ் மீடியத்தில் படித்து வந்தவர்களுக்கு இங்கே முதல் சுவர் கணக்கு இல்லை, ஆங்கிலம். அதை வெளிப்படையாகச் சொல்லாத கோச்சிங் சென்டர்கள்தான் அதிகம்.

நடுவில் நின்றுபோனாலும் எல்லாம் வீண் ஆகிவிடாது. இன்டர் ஒரு குரூப் முடித்து, கோவில்பட்டியிலோ தூத்துக்குடியிலோ ஒரு ஆடிட்டர் ஆபீஸில் இரண்டு வருடம் ஜிஎஸ்டியும் வருமான வரியும் பார்த்தவருக்குத் தீப்பெட்டி ஆலையிலும் உப்புக் கம்பெனியிலும் கணக்காளர் வேலை உண்டு. வணிகவியல் பட்டதாரி ஜிஎஸ்டி பிராக்டிஷனராகப் பதிவதற்கும் வழி இருக்கிறது. அடக்கவிலைக் கணக்காளர் (சிஎம்ஏ), கம்பெனி செகரட்டரி (சிஎஸ்) இரண்டும் இதே மாதிரி நாடாளுமன்றச் சட்டத்தால் அமைந்த படிப்புகள். சிஏ-வுக்கு உள்ள கூட்டம் இவற்றுக்கு இல்லை.

துறைமுகம் பக்கத்தில் இருப்பதால் ஒன்று. ஏற்றுமதி, இறக்குமதிச் சரக்குக்குச் சுங்கத்தில் ஆவணம் தாக்கல் செய்யும் கஸ்டம்ஸ் புரோக்கர் தொழிலும் லைசென்ஸ் தொழில்தான். ஒரு புரோக்கர் நிறுவனத்தில் 'எச் கார்டு' உதவியாளராகச் சேர்ந்து, சுங்கத் துறைத் தேர்வெழுதி 'ஜி கார்டு' வாங்கலாம். வங்கியும் பங்குச் சந்தையும் மட்டுமே தெரிந்த பி.காம் மாணவர்களுக்கு இது காதில் விழுவதே இல்லை.

டாலரில் கட்டும் பரீட்சைகள்

சிஎஃப்ஏ, எஃப்ஆர்எம், ஏசிசிஏ என்ற பெயர்கள் இப்போது நிறையக் கேட்கின்றன. மோசடி ஒன்றுமில்லை, தரமான சர்வதேசத் தேர்வுகள். அமெரிக்காவின் சிஎஃப்ஏ நிறுவனம் 1963 முதல் தேர்வு நடத்துகிறது. மூன்று நிலைகள், ஒவ்வொன்றுக்கும் சுமார் ஆயிரம் டாலரோ அதற்கு மேலோ கட்ட வேண்டும். மூன்றையும் முடித்தாலும் 4,000 மணி நேரப் பணி அனுபவம் இருந்தால்தான் பட்டயம் கையில் வரும். ஆங்கிலத்தில் மட்டுமே தேர்வு.

மும்பை, பெங்களூரு, சென்னையில் முதலீட்டு ஆய்வு வேலையில் ஏற்கெனவே இருப்பவருக்கு அது ஏணி. வேலையே இல்லாத ஒருவர் நகையை அடகு வைத்து முதல் நிலைக்குக் கட்டினால், ஏணி இருக்கும், சாய்த்து வைக்கச் சுவர் இருக்காது. சிஎஃப்ஏ முடித்தாலும் இந்தியாவில் முதலீட்டு ஆலோசகராகத் தொழில் நடத்த செபி பதிவு தனியே வேண்டும். முதலில் வேலை, பிறகு இந்தப் பரீட்சை என்ற வரிசையில் போனால் பல நிறுவனங்கள் கட்டணத்தில் ஒரு பகுதியைக்கூடத் தருகின்றன.

திறக்காத சிப்பி

இந்தக் கடற்கரையில் முத்துக்குளித்தல் நடந்த காலத்தில் கரைக்கு வந்த சிப்பியைத் திறந்து பார்த்து வாங்க முடியாது. ஆயிரம் சிப்பி இவ்வளவு என்று மூடியபடியே ஏலம் விடுவார்கள். உள்ளே முத்து இருந்தால் எடுத்தவருக்கு யோகம், இல்லாவிட்டால் கையில் மிஞ்சுவது ஓடு. 'வேலை உத்தரவாத' கோர்ஸ்களைப் பெரும்பாலோர் வாங்குவது ஏறத்தாழ இந்த முறையில்தான்.

ஆனால் சிப்பிக்கு இல்லாத வசதி கோர்ஸுக்கு உண்டு, திறந்து பார்க்கலாம். சான்றிதழில் கையெழுத்துப் போடுவது யார் என்று கேட்க வேண்டும். என்ஐஎஸ்எம், ஐஐபிஎஃப், ஐசிஏஐ என்றால் அவர்களிடமே நேராகப் பதிந்து எழுதலாம். இடையில் இருப்பவர் வெறும் டியூஷன் வாத்தியார்தான், அதற்குரிய கட்டணம்தான் நியாயம். கையெழுத்துப் போடுவது அந்த கோச்சிங் நிறுவனமே என்றால், எந்த வேலை அறிவிப்பில் அந்தச் சான்றிதழைத் தகுதியாகக் கேட்டிருக்கிறார்கள் என்று ஓர் அறிவிப்பையாவது காட்டச் சொல்ல வேண்டும். காட்ட முடியாவிட்டால் அது மூன்றாவது வகை. 'வேலை உத்தரவாதம்' என்பதை எழுத்தில் தருவார்களா, வேலை கிடைக்காவிட்டால் எத்தனை நாளில் பணம் திரும்ப வரும் என்பதையும் கேட்கலாம். கட்டணத்துக்கு அவர்களே லோன் ஏற்பாடு செய்கிறோம் என்றால், கையெழுத்துப் போடுவது கோர்ஸுக்கு அல்ல, கடனுக்கு. வகுப்பு பிடிக்காமல் பாதியில் நின்றாலும் தவணை நிற்காது.

நிதித் துறை பிடிக்குமா என்றே தெரியாதவர்கள் செபியும் என்ஐஎஸ்எம்மும் சேர்ந்து நடத்தும் முதலீட்டாளர் சான்றிதழ் தேர்வை எழுதிப் பார்க்கலாம். கட்டணமே இல்லை. நான் முதல்வன் திட்டத்திலும் கல்லூரி மாணவர்களுக்கு வங்கி, நிதித் துறைப் பாடங்கள் இருக்கின்றன.

லைசென்ஸ் இல்லாமல் இறங்கினால்

"ஊருக்குள்ள யாரு லைசென்ஸைக் கேட்கப் போறா?" என்ற பேச்சும் உண்டு. கேட்காத வரைக்கும் சரி. ஆருத்ரா கோல்டு விவகாரத்தில் சுமார் ஒரு லட்சம் பேரிடம் 2,438 கோடி ரூபாய் வசூலிக்கப்பட்டதாகத் தமிழ்நாடு பொருளாதாரக் குற்றப்பிரிவு 2022-ல் வழக்குப் பதிந்தது. இப்படிப்பட்ட திட்டங்களில் பணம் போடுபவர்கள் நம்புவது கம்பெனியை அல்ல. தெரிந்த பையன், சொந்தக்காரப் பையன், பி.காம் படித்த பையன் வந்து சொன்னான் என்றுதான் போடுகிறார்கள். கம்பெனி கதவை மூடிய மறுநாள் அவர்கள் வந்து நிற்பது அந்தப் பையனின் வீட்டு வாசலில். 2019-ல் வந்த ஒழுங்குமுறைப்படுத்தப்படாத வைப்புத் திட்டங்கள் தடைச் சட்டம், இத்தகைய திட்டங்களுக்கு ஆள் சேர்த்துவிடுவதையும் குற்றமாகவே பார்க்கிறது.

சீட்டும் அப்படியே. 1982-ஆம் ஆண்டு சீட்டு நிதிச் சட்டப்படி பதிவுத் துறையில் அனுமதி பெற்றே சீட்டு நடத்த வேண்டும். பங்கு 'டிப்ஸ்' தருவதற்கும் ஆய்வாளர் பதிவு வேண்டும் என்பது 2014 முதல் செபியின் விதி. 2023 அக்டோபரில், பயிற்சி என்ற பெயரில் பதிவில்லாமல் ஆலோசனை விற்ற ஒரு யூடியூபர் தரப்பை 17.2 கோடி ரூபாயைத் தனிக் கணக்கில் கட்டச் சொல்லி செபி உத்தரவிட்டது. டெலிகிராம் குரூப் வைத்து மாதம் ஐநூறு வாங்குபவருக்கும் விதி அதேதான், தொகைதான் சிறிது.

விண்ணப்பிக்கும் முன்பு

இந்தத் தேர்வுகளுக்கு இணையத்தில்தான் பதிய வேண்டும். தேர்வு மையம் விளாத்திகுளத்தில் இருக்காது. தூத்துக்குடி, திருநெல்வேலி, மதுரை என்று எது கிடைக்கிறது என்பதைப் பணம் கட்டும் முன்பே பார்த்துவிட்டால், காலை முதல் பஸ்ஸைப் பிடித்தால் போய்ச் சேர முடியுமா என்று கணக்குப் போடலாம்.

மற்றொரு சிக்கல் நம் பெயர்களிலேயே இருக்கிறது. மதிப்பெண் பட்டியலில் இனிஷியல் பெயருக்கு முன்னால் இருக்கும். ஆதாரில் பின்னால் இருக்கும். பான் அட்டையில் அப்பா பெயர் முழுதாக விரிந்திருக்கும். என்ஐஎஸ்எம் தேர்வுக்குப் பான் கட்டாயம், சான்றிதழும் பான் அட்டையில் உள்ள பெயரில்தான் வரும். பிறகு ஆம்ஃபி பதிவுக்குப் போகும்போது வங்கிக் கணக்கில் பெயர் வேறாக இருந்தால் விண்ணப்பம் திரும்பி வரும். அதனால் முதல் பரீட்சைக்குப் புத்தகத்தைத் திறப்பதற்கு முன் ஆதார், பான், பாஸ்புக் மூன்றையும் ஒன்றாக வைத்து எழுத்துக்கு எழுத்து பார்த்துவிட வேண்டும். பெயர் திருத்தம் வர இரண்டு மூன்று வாரம் ஆகலாம். அதற்குள் 5-ஏ புத்தகத்தை ஒரு முறை படித்து முடித்துவிடலாம்.